ஹட்பேயில் மரவெட்டும் ஊர்க்கூட்டமும்: ஒரு தச்சனின் அனுபவம்

நான் மரத்தில் பிழைப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிட்டில் அந்தமானில், ஹட்பே கடைத்தெருவுக்குப் பின்னால் எனக்கு ஒரு தச்சுப்பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல், கட்டில், பள்ளிக்கூட பெஞ்ச், சில சமயம் படகுக்குப் பலகை என்று எது வந்தாலும் செய்வோம். அப்பா 1970-களின் கடைசியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி, இங்கே லாக்கிங் கேம்ப்புக்கு (மரம் வெட்டும் முகாமுக்கு) கூலியாக வந்தவர். அப்போது நான் கைக்குழந்தை. கொஞ்ச வருஷத்தில் வெட்டிய கட்டைகளை அளந்து நோட்டில் எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆக, எங்கள் வீட்டில் உலை கொதித்ததே காட்டு மரத்தால்தான்.

அப்படிப்பட்ட நாங்களே பெரிய அளவு மரவெட்டு இந்தத் தீவுக்கு ஆகாது என்று ஊர்க்கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஒரு தடவை 1990-களின் கடைசியில். இன்னொரு தடவை, 2021-ல் புதிய திட்டம் ஒன்று செய்தியில் அடிபட்டபோது. கிரேட் நிக்கோபார் தீவில் பெரிய திட்டம் ஒன்றுக்காகக் காட்டை எடுக்கப் போவதைப் பார்த்துவிட்டு, "தீவில் இருக்கிறவங்க என்ன நினைக்கிறீங்க, எப்படிப் பேசுறீங்க" என்று மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இதே நிலைமையில் வேறு தீவிலோ மலையிலோ இருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் இடம். லிட்டில் அந்தமான் 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் 19,000 பேர்கூட இல்லை. போர்ட் பிளேயருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் வருவது பழைய பெயர்தான்) கப்பலில் போனால் பாதி நாள் போய்விடும். ஹட்பேயிலிருந்து வடக்கே ஒரே ரோடு. அதனால் இடங்களைக் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்வோம். இந்தத் தீவின் சொந்தக்காரர்கள் ஒங்கே மக்கள்; இன்று நூற்றுச் சொச்சம் பேர். 1957-ல் தீவு முழுவதையும் பழங்குடி ரிசர்வ், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி, என்று அறிவித்தார்கள். 1970-களில் அதிலிருந்து பெரிய பெரிய துண்டுகளை விலக்கினார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களையும், நிக்கோபாரிகளையும் குடியேற்றினார்கள். கூடவே தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லாம் வந்தோம். வந்தவர்களுக்கு வேலை வேண்டுமே. மரம் வெட்டுவதும், வெட்டிய இடத்தில் எண்ணெய்ப்பனை நடுவதும்தான் அந்த வேலை. சுமார் 1,600 ஹெக்டேர் காட்டை எடுத்துவிட்டுப் பனை வைத்தார்கள்.

அந்தமானுக்கு இது புதிதல்ல. வனத்துறை இங்கே வந்தது 1883-ல். சாத்தம் தீவில் மர அறுவை ஆலை தொடங்கியதும் அதே வருஷம். படாக் மரம் கப்பலேறி வெளிநாடு போனது. ஐம்பதுகளுக்கு அப்புறம் குர்ஜன் மரம் ப்ளைவுட் ஆலைக்குப் போனது. தூப், பப்பிதா, டிடு மாதிரி மெதுமரங்கள் தீப்பெட்டிக்கும் ப்ளைவுட்டுக்கும் போயின. மெயின்லேண்டில் நீங்கள் கிழித்த தீக்குச்சியில் எங்கள் காடும் கொஞ்சம் எரிந்திருக்கிறது.

வெட்டியவர்களுக்கு முறையே தெரியாது என்று சொல்ல மாட்டேன். "அந்தமான் கேனோபி லிஃப்டிங் ஷெல்டர்வுட் சிஸ்டம்" என்று நீளமான பெயரில் ஒரு முறையே இருந்தது. பெருமரங்களை எடுத்து மேலே வெளிச்சம் திறந்துவிட்டால் கீழே கன்றுகள் தானாக எழும்பும் என்பது கணக்கு. அப்பாகூட அதை நம்பினார். காகிதத்தில் அது சரிதான். ஆனால் நாற்பது மீட்டர் குர்ஜன் சாயும்போது அது தனியாகவா சாய்கிறது? பிரம்புக்கொடி பின்னிக் கிடக்கும் காடு இது. ஒன்று விழுந்தால் பக்கத்து மரங்களின் கிளை, தலை, சில சமயம் வேரோடு மரத்தையே இழுத்துக்கொண்டு விழும். அந்தக் கட்டையை யானையை வைத்து இழுக்க ஒரு தடம், லாரி வர ஒரு ரோடு, அடுக்கி வைக்க ஒரு டிப்போ. நோட்டில் ஏறுவது ஒரு மரம். காட்டில் போவது அதற்கு மேல். யானை கதைக்கு இன்னொரு வாலும் உண்டு. வடக்கே இன்டர்வியூ தீவில் 1962 வாக்கில் ஒரு தனியார் கம்பெனி திவாலாகித் தன் யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவை காட்டு யானைகளாகி, பட்டை உரித்து, மூங்கிலையும் பிரம்பையும் தின்று அந்தத் தீவையே மாற்றிவிட்டன. தீவுக்குக் கொண்டுவருகிற எதையும் எளிதாகத் திருப்பிக் கொண்டுபோக முடியாது.

இப்போது 1990-களுக்கு வருகிறேன்.

முதலில் பேச ஆரம்பித்தது படித்தவர்கள் இல்லை. தெலுங்கு மீனவர்கள் சிலரும், எங்கள் தெருப் பெண்களும்தான். மீனவர்கள் சொன்னது: மழை பெய்தால் ஓடை வாயில் கடல் சிவப்பாகி, முன்னெல்லாம் ஒரு நாளில் தெளிந்தது, இப்போது தெளிய நாளாகிறது, பாறைமேல் சேறு படிகிறது என்று. பெண்கள் சொன்னது: பிப்ரவரி, மார்ச்சில் ஓடைத் தண்ணீர் சீக்கிரமே சுண்டிவிடுகிறது என்று. இந்தத் தீவுகளில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் பார்க்க வேண்டியதுதான். மெயின்லேண்டில் ஓர் ஆறு பல மாவட்டங்களைத் தாண்டி ஓடும். இங்கே மலையில் விழுந்த தண்ணீர் சில கிலோமீட்டரில் கடலுக்குப் போய்விடும். நடுவில் அதைப் பிடித்து வைப்பது காட்டு மண்ணும் இலைச்சருகும்தான். அது போனால் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் கொண்டுவர பக்கத்து ஊர் கிடையாது, கப்பல்தான்.

இந்தப் பேச்சை ஒருவர் கூட்டத்தில் வைத்தார். உடனே எதிர்ப்பு வந்தது, அதுவும் எங்கள் ஆட்களிடமிருந்தே. "லாக்கிங் நின்னா நாளைக்கு அடுப்பு எரியுமா? நீங்க குடுப்பீங்களா சம்பளம்?" என்று கேம்ப்பில் வேலை பார்த்த ஒரு அண்ணன் எழுந்து நின்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே யாராவது பதிலுக்கு "காட்டை அழிக்கிறவன்" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் கூட்டம் அன்றோடு முடிந்திருக்கும். நல்லவேளை, ராமகிருஷ்ணபூரிலிருந்து வந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் வேறு கேள்வி போட்டார்: "இவ்வளவு மரம் போகுதே, என் வீட்டுக்கு ஒரு உத்தரம் வேணும்னா மட்டும் ஏன் பர்மிட்டுக்கு அலைய வேண்டியிருக்கு?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. எல்லாருக்கும் அந்த அலைச்சல் தெரியும்.

எனக்குத் தெரிந்து ஊரின் மனம் மாறியது அந்தக் கேள்வியில்தான். காடு அழகு, பறவை, பல்லுயிர் என்று பேசியபோது சேராத ஊர், "யாருக்காக வெட்டுறாங்க" என்று பேசியபோது சேர்ந்தது. கப்பலேறிப் போகிற கட்டை எவ்வளவு, தீவுக்காரன் வீட்டுக்கு வேண்டியது எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், நமக்கு வேண்டியது சின்னப் பங்குதான் என்பது தச்சனான எனக்கும், கட்டை அளந்த அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் எங்கள் மனுவில் "மரமே வெட்டாதே" என்று எழுதவில்லை. "வெளியே அனுப்பாதே, ரிசர்வுக்குள் போகாதே, எங்கள் வீட்டுத் தேவைக்கு முறையாகக் கொடு" என்று எழுதினோம். கேம்ப் அண்ணனும் கையெழுத்துப் போட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

எங்கள் மனு எதையும் நிறுத்திவிடவில்லை. நிறுத்தியது உச்ச நீதிமன்றம். நாட்டின் காடுகள் பற்றி அங்கே நடந்துவந்த கோதாவர்மன் வழக்கில் மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்து அந்தமான் விஷயத்தைக் கொண்டுபோயின. ஒங்கே மக்களின் காட்டில் நடந்த வெட்டு அதில் முக்கியமான வாதம். 2001 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. ஷேகர் சிங் ஒருநபர் ஆணையம் தீவுகளைச் சுற்றிப் பார்த்து 2002 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2002 மே 7 அன்று நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. பழங்குடி ரிசர்வில் வெட்டக் கூடாது. மரத்தை மெயின்லேண்டுக்கு அனுப்பக் கூடாது. உள்ளூர்க்காரரின் உண்மையான தேவைக்கு மட்டும் திட்டப்படி எடுக்கலாம். எண்ணெய்ப்பனை, ரப்பர், தேக்கு என்று ஒரே மரத் தோட்டங்களை இயற்கைக் காட்டில் விரிக்கக் கூடாது. கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் வங்காளித் தாத்தா போட்ட பிரிவினை அப்படியே உத்தரவில் இருந்ததைப் பார்த்து எங்களுக்கே ஆச்சரியம். எங்கள் காகிதத்தை யாரும் படித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. தீவில் இருந்து யோசித்தாலும் டெல்லியில் இருந்து யோசித்தாலும், நியாயமாக யோசித்தால் அந்த இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வழக்கு ஜெயித்த கதையாக மட்டும் இதை எழுதினால் அது பாதிக் கதை. ஆலைகள் மூடின. கேம்ப்கள் காலி. அந்த அண்ணன் மாதிரி ஆட்கள் சிலர் மெயின்லேண்டுக்குத் திரும்பினார்கள், சிலர் கடைகளில் மூட்டை தூக்கினார்கள். இங்கே மரம் வெட்டிவந்த பொதுத்துறை வன, தோட்டக் கழகத்தையும் 2017-ல் மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது; அதுவரை சம்பளத்துக்கு இழுபறியில் கிடந்த குடும்பங்கள் நிறைய. மாற்று வேலைக்கு முன்கூட்டியே யாரும் திட்டம் போடவில்லை. ஊர்க்கூட்டத்தில் அதை நாங்களும் பேசினோம், ஆனால் மனுவின் கடைசி வரியில் போட்டோம். கடைசி வரியைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இப்போது யாராவது என்னைக் கேட்டால், வேலை பற்றிய கோரிக்கையை முதல் பக்கத்தில் வையுங்கள் என்பேன்.

மரம் கிடைப்பதும் கடினமானது. பட்டறையில் ஆர்டர் எடுத்துவிட்டு மரத்துக்குக் காத்திருந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது ஹட்பேயின் கரையோரம் துடைத்துப் போனது. தகர ஷெட்டுகள் போட்டார்கள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. மழையில் பேச்சே கேட்காது. நிரந்தர வீடுகளுக்கும் இரும்பும் பலகையும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தன. உப்புத் தண்ணீர் ஏறிச் செத்த மரங்கள் கரையோரம் நின்றதையும், தச்சர்கள் கைகட்டி நின்றதையும் ஒரே நேரத்தில் பார்த்தவன் நான். வீட்டை மரத்தில் கட்டாவிட்டால் கான்கிரீட்டில் கட்டுவார்கள். கான்கிரீட்டுக்கு மணலும் ஜல்லியும் இந்தக் கடற்கரையிலும் மலையிலும்தான் தோண்ட வேண்டும். ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகள் இவை. தெற்கிலும் மேற்கிலும் பெரிய தோணியாமையே வருகிறது. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. மரவெட்டை எதிர்க்கிறவர்கள் வீடு எதில் கட்டுவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். என் பதில்: விழுந்த மரம், செத்த மரம், அளவாக எடுத்த மரம், அதைத் தீவிலேயே அறுக்கச் சின்ன ஆலை. கான்கிரீட்டை விட அது நிலநடுக்கப் பூமிக்கும் நல்லது. இந்தக் கடைசி விஷயத்தில் என் தொழில் பாசமும் கலந்திருக்கலாம், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

2021-ல் திரும்பப் பேச்சு எழுந்தது. நிதி ஆயோக்கின் லிட்டில் அந்தமான் திட்டம் பற்றிப் பத்திரிகைகளில் வந்தது: விமான நிலையம், நகரம், சுற்றுலா. தீவின் காட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும், 20 லட்சத்துக்கு மேல் மரங்கள் பாதிக்கப்படும் என்று வனத்துறை அதிகாரியே குறிப்பு எழுதியதாகச் செய்தி. எங்கள் ஊரில் இந்தத் தடவை பேச்சு முன்பைவிடத் தெளிவாக நடந்தது. கற்றுக்கொண்டதில் சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டை அளவு பற்றி முதலில். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. ஆவணத்தில் "இத்தனை கன மீட்டர் மரம்" என்று போட்டிருந்தால், எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். நம் நாட்டில் உருட்டுக் கட்டையை வழக்கமாகக் கால்சுற்றளவு முறையில் அளப்பார்கள். நடுவில் சுற்றளவு எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 2 மீட்டர், நீளம் 5 மீட்டர் என்றால் 0.5 பெருக்கல் 0.5 பெருக்கல் 5, அதாவது 1.25 கன மீட்டர். ஆனால் அந்தக் கட்டையை உருளையாக வைத்து உண்மையான கன அளவு போட்டால் கிட்டத்தட்ட 1.59 வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நோட்டில் ஏறுவதே இல்லை. அறுவையில் புறத்தோடு சீவி எறிவதற்காக விட்ட கழிவு அது, திருட்டு இல்லை. ஆனால் காட்டிலிருந்து போனது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பள்ளி வாத்தியார் எழுந்து வந்து சரிபார்த்துவிட்டு, அதற்கப்புறம் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

அடுத்தது முத்திரை. வெட்டக் குறித்த மரத்தில் பட்டையைச் செதுக்கி, மார்புயரத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று சுத்தியல் முத்திரையும் எண்ணும் போடுவார்கள். அடியில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது: மரம் போனாலும் முத்திரை அடிக்கட்டையில் நிற்க வேண்டும். முத்திரை இல்லாத அடிக்கட்டையைப் பார்த்தால் சுற்றளவு எடுத்து, பக்கத்தில் அளவுக்கோலோ செருப்போ வைத்துப் படம் எடுத்து, தேதி எழுதி வையுங்கள். பலகைவேர் உள்ள மரங்களை வேருக்கு மேலே உயரத்தில் அறுப்பார்கள். அப்போது முத்திரை எங்கே இருக்கிறது என்று சுற்றி வந்து பார்க்க வேண்டும், அவசரப்பட்டுக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ஒரு தப்பான புகார் போனால் அடுத்த பத்து நல்ல புகாரும் குப்பைக்குப் போகும். இன்னொன்று முக்கியம்: ரோட்டோரமும் ஊர்ப்பக்கமும் மட்டும்தான். ஒங்கே ரிசர்வுக்குள் ஆதாரம் தேடிப் போகக் கூடாது. 1956-ம் வருஷத்துப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். சட்டத்தை விடுங்கள், அது அவர்கள் வீடு. எங்கள் கூட்டத்தில் ஒங்கே மக்களுக்காக நாங்கள் பேசுகிறோம் என்று ஒருவர் சொன்னபோது, என் மைத்துனர் கேட்டார், "அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று. அதற்கப்புறம் "அவர்களிடம் அவர்கள் மொழியில், அவசரப்படுத்தாமல் கேட்டீர்களா" என்ற கேள்வியை நிர்வாகத்திடம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

தண்ணீருக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைகள் கண்ணாடி ஜாம் பாட்டில்களில் மழை நின்ற மறுநாள் காலை ஓடைத் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு பாட்டில் ரோடு போட்டு மரம் எடுத்த சரிவிலிருந்து வரும் ஓடை, இன்னொன்று கை படாத சரிவிலிருந்து வரும் ஓடை. பாட்டிலில் சாக்பீஸ் நிற டேப் ஒட்டி, தேதி, இடம் எழுதி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் சேறு படியும். ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். ஒரு மழையில் ஒன்றும் தெரியாது. ஒரு பருவம் முழுக்கப் பிடித்து வரிசையாக அடுக்கினால் விளக்கமே வேண்டாம். பஞ்சாயத்து அலுவலக மேசையில் அந்தப் பாட்டில்களை அடுக்கியபோது அதிகாரி முதலில் சிரித்தார். அப்புறம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். படங்களுக்கும் இதே வழிதான்: ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வருஷா வருஷம். நாங்கள் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தேர்ந்தெடுத்தோம், அது எங்கும் போகாது.

அப்புறம் காகித வேலை. அலுப்பானதுதான், ஆனால் தப்பிக்க முடியாது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற விண்ணப்பம் போட்டால் அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். வரைபடம், பரப்பு, மர எண்ணிக்கை எல்லாம் அதில் தேடலாம். பெரிய திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பொது விசாரணை நடத்த வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். தீவில் உள்ளூர் மொழி எது என்று ஒரு வாதம் வரும். எங்கள் ஊரில் இந்தி எல்லாருக்கும் பொது, ஆனால் கூட்டத்துக்கு முன்னால் வங்காளியிலும் தமிழிலும் ஒரு பக்கச் சுருக்கம் நாங்களே எழுதி ஒட்டினோம். பெண்கள் வந்து பேசியதற்கு அதுதான் காரணம். விசாரணையில் உணர்ச்சியாகப் பேசியது பதிவில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எழுத்தில் கொடுத்த மனுவோ இணைப்பில் முழுதாக இருக்கும். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதக் கடிதம் கேட்டு வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். கிரேட் நிக்கோபாரில் பழங்குடி சபை 2022 ஆகஸ்டில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்தது. முழு விவரம் சொல்லப்படவில்லை என்று அதே வருஷம் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் காட்டு அனுமதியின் முதல் கட்டம் முடிந்துவிட்டது. 130 சதுர கிலோமீட்டர் காடு. போகும் மரங்கள் முதலில் எட்டரை லட்சம் என்றார்கள், பிறகு நாடாளுமன்றத்தில் 9.64 லட்சம் என்றார்கள். அதற்கு ஈடாக மரம் நடுவது ஹரியானாவில். எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது ஒரு கிழவி, "அங்க நட்ட மரம் இங்க தண்ணி குடுக்குமா தம்பி?" என்று கேட்டார். ஈடு என்று ஒன்றைக் கொடுக்கும்போது இதே தீவில், இதே ஓடையின் மேல்பகுதியில் கொடு என்று கேட்கலாம். அது முடியாது என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் வசூலிப்பது பற்றி ஒன்று. கூடுமானவரை வசூலிக்காதீர்கள். ஜெராக்ஸ் செலவை ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டோம், கணக்கைக் கடைச் சுவரில் ஒட்டினோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் உதவினால் சந்தோஷம். ஆனால் மேடையில் தீவுக்காரர்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் "வெளியாள் தூண்டுதல்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

இப்போதைக்கு எங்கள் தீவில் அந்தத் திட்டம் பேச்சளவில் நிற்கிறது. வீட்டுக்குள் நடக்கும் விவாதம் மட்டும் நிற்கவில்லை. என் மகன் விமான நிலையம் வேண்டும் என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரசவம் சிக்கலானாலோ நெஞ்சுவலி வந்தாலோ, கடல் கொந்தளிக்கும் மாதத்தில் கப்பலையும் ஹெலிகாப்டரையும் நம்பி ஜெட்டியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். ஓடுதளம் வேண்டுமா என்று கேட்டால் ஊரில் பாதிக்கு மேல் வேண்டும் என்றுதான் சொல்லும். அதனால் கேள்வியைப் பிரித்துக் கேட்டிருக்கிறோம்: மருத்துவ அவசரத்துக்கு வேண்டிய சின்ன ஓடுதளத்துக்கு எவ்வளவு நிலம், அதை ஏற்கெனவே வெட்டிய பனைத்தோட்டத்தில் போட முடியுமா, மீதி நிலம் எதற்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போய்விட்டது, மகனே கணினியில் டைப் அடித்தான். பதில் தர 30 நாள். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த இரண்டாவது மனுவையும் இப்போதே எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.